நடை தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷன்

ஒன்பதாவது படியை அல்போன்ஸ் மிதிக்கவில்லை.

நோரா அதைக் கவனித்ததற்குக் காரணம், பின்னால் வந்த அவள் அதை மிதித்துவிட்டதுதான். மரப்பலகை அமுங்கி, ஒரு நுனி எம்பி, கையிலிருந்த துணிமூட்டையோடு அவளைச் சுவரில் சாய்த்தது. முன்னால் போன கணவர், அந்தி மங்கலில், ஒரு கையில் டிரங்குப் பெட்டியோடு, எட்டாவது படியிலிருந்து பத்தாவது படிக்கு நிதானமாகக் காலைத் தூக்கி வைத்து ஏறிப் போயிருந்தார். மேலே கதவைத் திறந்தார். சுவரைத் தடவித் தேடவில்லை. கதவுக்குப் பின்னால் முழங்கை உயரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்த ஸ்விட்சை நேராகக் கை நீட்டிப் போட்டார்.

இந்த வீட்டை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அதுவும் தெருவில் நின்று. தரகரிடம் அன்றைக்குச் சாவி இல்லை, உள்ளே போக முடியவில்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

"படி உடைஞ்சிருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அடி பட்டுச்சா?" என்றார் அவர், மேலேயிருந்து, அக்கறையோடு.

நோரா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. 1943 அக்டோபர் அது. முந்தின வருஷம் ஜப்பான்காரன் வருகிறான் என்று காலியாகிக் கிடந்த பட்டணத்துக்கு எல்லோரும் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். போதாக்குறைக்குப் பெரிய பெரிய கட்டடங்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. ஓர் அறைக்கு நாலு பேர் போட்டி போட்ட அந்த நாளில், மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், முழுசாக ஒரு மாடிப் போர்ஷன், யுத்தத்துக்கு முந்தின வாடகையில். கீழே பூட்டிய கிடங்கு ஒன்று; வேறு குடித்தனம் இல்லை. மாதா கோவில் நடை தூரம். அவள் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடம் நடை தூரம். காய்கறிக்கு மார்க்கெட், அவர் துறைமுகத்து ஆபீசுக்குப் போக லஸ்ஸில் டிராம், எல்லாம் நடை தூரம். நோராவுக்கு வயது முப்பத்து மூன்று. எட்டு வருஷம் பக்கவாதத்தில் கிடந்த அம்மாவைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்தே இளமை போயிருந்தது. அம்மா போன பிறகு பெரம்பூரில் அண்ணன் ஹென்றியின் வீட்டுச் சமையற்கட்டில் பாய் விரித்துப் படுத்தவள். பெண் பார்க்க வந்த அன்று, "உங்க அம்மாவை நீங்க பாத்துக்கிட்டதைப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்று அல்போன்ஸ் மெல்லச் சொன்னபோது, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மனைவியை இழந்தவர். முதல் மனைவி செலின், ஊரே ஓடிய அந்த ஏப்ரலில், வேலூரில் காலராவில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார். அதற்கு முன் புரசைவாக்கத்தில் குடியிருந்தார்களாம்.

வீட்டில் ஒரே ஓர் அறைதான் அவளுக்கு இல்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது அது. கதவுக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று தாழ்ப்பாள்கள். மூன்றும் வெளிப்பக்கம். நடுத் தாழ்ப்பாளில் பூட்டு.

"வீட்டுக்காரர் சாமான் போட்டு வச்சிருக்கார்" என்றார் அல்போன்ஸ். "அதனாலதான் வாடகை குறைச்சல்."

முதல் வாரம் சந்தோஷமாகவே போனது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. விளக்கணைப்பு உத்தரவுக்காக மற்ற ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தின் ஓரங்களில், காலை வெயில் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் இருள் அடைந்து, சுவர்கள் வேர்த்து, சுண்ணாம்பின் ஈர வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. முதலில் தைலம் என்று நினைத்தாள். தைலத்துக்குக் கீழே பழந்துணி. பழந்துணிக்குக் கீழே, இனிப்பும் அழுகலும் கலந்த, மூக்கின் பின்புறம் போய் ஒட்டிக்கொள்ளும் ஒன்று. அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தவளின் கை நின்றது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். எட்டு வருஷம் தெரியும். படுத்தே கிடப்பவர்களின் முதுகில் வரும் புண்ணின் வாசனை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இரும்பில் பித்தளை தட்டும் ஓசை. மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு. அவசரமில்லாமல், கோபமில்லாமல், ஆனால் விடாமல். நோரா தன்னையறியாமல் எழுந்து, முந்தானையைச் செருகி, ஹால் வரை வந்துவிட்டாள். பிறகுதான் நின்றாள். அம்மா கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். தண்ணீர் வேண்டும், துணி மாற்ற வேண்டும், யாராவது வர வேண்டும். கால்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மூடிய கதவின் முன் அவள் நின்றதும் தட்டுவது நின்றது.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். "புறா" என்றார் அவர். "இல்லாட்டி பக்கத்து வீடு. பழைய சுவர் நோரா, எல்லாச் சத்தமும் இந்தப் பக்கம் வரும்." அப்படிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஹாலில் எப்போதுமே அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார் என்பதை அவள் அன்றுதான் உணர்ந்தாள், நோயாளி உறங்கும் வீட்டில் பேசுவதைப்போல.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. இருவருக்கான ரேஷன் அரிசி, மூன்று பேர் சாப்பிடுவதுபோல் கரைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்பில் சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் காலையில் கழுவிக் கவிழ்த்த சின்னக் கிண்ணம் நிமிர்ந்திருந்தது, அடியில் கஞ்சியின் ஆடை. ஆறு மணிக்கு வரும் அல்போன்ஸின் சட்டைக் கைகளில், ஆபீஸ் மையின் வாசனையோடு தைலத்தின் வாசனையும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டாள். சொந்தமாக ஒரு சமையலறை. சொந்தமாக ஒரு கதவு. அதை இழக்க அவள் தயாராயில்லை.

தெருக்குழாயடியில்தான் அந்தச் சமாதானம் உடைந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தேவானை, குடத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, மாடில அந்தம்மா இப்போ எப்டி கீது?"

"எந்த அம்மா?"

"ஐயா சம்சாரம்தான். கை கால் வராம படுத்த படுக்கையா கெடந்துச்சே, செலினம்மா. அத்தப் பாத்துக்கத்தானே உன்ன இட்டாந்துகீறாரு?"

குழாய்த் தண்ணீர் நோராவின் குடத்தில் நிரம்பி வழிந்து கால்களை நனைத்தது. அதே வீடு. அதே மாடி.

"அவங்க செத்து ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள். "நான்தான் அவர் மனைவி."

தேவானை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் சிரிப்பு இருந்தது. பிறகு இல்லை.

"செத்துப்போச்சா? நேத்திக்குக் கூட தட்டிச்சேம்மா. மித்தத்துல தேச்சிக்கினு இருந்தேன், காதுல உழுந்துச்சு." சொல்லிவிட்டு, நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புகள் காலி. அடையாற்றில் வெள்ளம் ஏறுகிறது, கூவம் கரையை உடைத்துவிட்டது என்று ஆளுக்கொரு சேதி. ஆசிரியைகளின் அறையில் ஃப்ளோரன்ஸ் மட்டும் சிவப்புப் பென்சிலோடு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். டிரெயினிங் காலத்திலிருந்து சிநேகிதி. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அவள்தான்.

"அவர் முன்னாடி எங்க குடியிருந்தார்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நோரா.

பென்சில் நின்றது. "அவரே சொல்லிட்டாரா?"

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. நோரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்டை அவர் காலியே பண்ணல, நோரா. பழைய வாடகை, விட மனசில்ல. முதல் சம்சாரம் இருந்த வீடுன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு வருவான்னு, சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

"நீ என் சிநேகிதி."

"அதனாலதான். அண்ணன் வீட்டுச் சமையக்கட்டுல கிடந்தே. உனக்குன்னு ஒரு வீடு அமையட்டுமேன்னு நினைச்சேன். அது தப்பா?"

"செலினை எங்க அடக்கம் பண்ணாங்க?"

"வேலூர்லன்னு சொன்னார்."

"யார் போனா?"

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அந்த ஏப்ரல்ல ஊர்ல யார் இருந்தா? நானே திருச்சிக்குப் போயிட்டேன். அவர் திரும்பி வந்தப்போ தனியா வந்தார். கேட்டோம், சொன்னார்."

"பொண்ணு பாக்கச் சொன்னப்போ உன்கிட்ட வேற என்ன கேட்டார்?"

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"பொறுமையான பொண்ணா வேணும்னார். படுக்கையில இருக்கறவங்களைத் தூக்கி, திருப்பிப் பழகினவளா இருந்தா நல்லதுன்னார். உன் ஞாபகம்தான் வந்துச்சு." அவள் நோட்டை மூடினாள். "எதுக்குன்னு நான் கேக்கல, நோரா. கேட்டிருக்கணும்."

யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்த அந்தச் சாயங்காலம் நோராவின் நினைவில் வந்து, அங்கேயே கறுத்தது. மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப்போல அவர் பார்த்திருக்கிறார். அவள் வெட்கப்பட்டிருந்தாள்.

"இன்னிக்கு உன்னோட வந்துடட்டுமா?"

"எங்க வீட்லயா? மாமனார், மாமியார் எல்லாம்…" ஃப்ளோரன்ஸ் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "நாளைக்கு உக்காந்து பேசலாம். நானே அவர்கிட்ட வந்து கேக்கறேன்."

மணி அடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். அப்போது மணி இரண்டு. அல்போன்ஸ் வர நாலு மணி நேரம் இருந்தது. டிரெயினிங் சர்டிபிகேட்டும் இரண்டு புடவையும் எடுத்துக்கொண்டு, கிடைக்கிற வண்டியைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தாள். சமையற்கட்டுப் பாய் போதும். முழங்கால் தண்ணீரில் கச்சேரி ரோட்டைக் கடந்தாள். சந்தில் ஓர் ஆளும் இல்லை. எல்லா வீட்டுக் கதவுகளும் மழைக்கு மூடியிருந்தன.

கீழ்க்கதவு திறந்தே இருந்தது.

படிக்கட்டின் மூலையில் அல்போன்ஸின் குடை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பியிருக்கலாம். சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அது இல்லாமல் அவள் ஒன்றுமில்லை. ஏறினாள். பாதி ஏறும்போதே வாசனை வந்து முகத்தில் மோதியது. தைலம். பழந்துணி. புண். அதன் மேல் சூடான கஞ்சியின் ஆவி.

ஹாலில் விளக்கு இல்லை. நடு அறையின் கதவு திறந்திருந்தது. மூன்று தாழ்ப்பாளும் விலகியிருந்தன.

உள்ளே சுவரோரம் ஓர் இரும்புக் கட்டில். தென்னைநார் மெத்தை, வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை. கட்டில் சட்டத்தில் ஓர் இடம் மட்டும், தட்டித் தட்டிப் பள்ளமாகி, வெள்ளியாய் மின்னியது. அதன் கீழே நசுங்கிய பித்தளை டம்ளர். கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, அல்போன்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் யாரும் இல்லை.

தலையணையில் ஒரு தலையின் அளவுக்குப் பள்ளம் இருந்தது. கரண்டி நிறையக் கஞ்சி அந்தப் பள்ளத்துக்கு மேலே போனது. சாய்ந்தது. தலையணையில் ஒரு சொட்டு விழவில்லை. கரண்டி காலியாகத் திரும்பி வந்தது.

"வந்துட்டியா?" என்றார் அல்போன்ஸ். "நல்லதாப் போச்சு. இன்னிக்குச் சூடு கொஞ்சம் அதிகம். ஊதி ஊதிக் குடுக்கணும்."

நோரா கதவுக்கு வெளியிலேயே நின்றாள். "செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே."

"மெதுவாப் பேசு. காது நல்லாக் கேக்கும் அவளுக்கு." அவர் இன்னொரு கரண்டி எடுத்து ஊதினார். "செத்துட்டா. அதை நான் பொய் சொல்லல."

கரண்டி போனது. காலியாக வந்தது.

"ஒரு வாரத்துல வந்துடலாம்னுதான் பூட்டிட்டுப் போனேன். கூஜா நிறையத் தண்ணி வச்சேன். ரொட்டி வச்சேன். இவளைத் தூக்கிட்டு எந்த ரயில்ல ஏற முடியும், சொல்லு. வேலூர்ல எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும்…" அவர் கொஞ்சம் யோசித்தார். "வரத் தோணல. அந்த வருஷம் செப்டம்பர்லதான் வந்து திறந்தேன். அவ கோபமே படல நோரா. தட்டினா. அவ்வளவுதான். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் ஒருத்தருக்கும் தெரியாம அடக்கம் பண்ணிட்டு வந்தேன். அப்பவும் தட்டினா. தனியா இருக்க மாட்டேங்கறா. எத்தனை நாளைக்கு நான் ஒருத்தனே? எனக்கு ஆபீஸ் இருக்கு."

அவர் எழுந்தார். கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. கொதிக்கும் கஞ்சி விளிம்புக்கு வந்து, அந்த விரிப்பின் மேல், ஒரு வயிறு இருக்க வேண்டிய இடத்தின் மேல், கொட்டப் போனது.

"இதைக் கொஞ்சம் பிடி."

மனம் நில் என்றது. கைகள் கேட்கவில்லை. எட்டு வருஷத்துக் கைகள். ஓரெட்டு உள்ளே வைத்து நோரா கிண்ணத்தை ஏந்திவிட்டாள்.

அவர் அவளைத் தாண்டிப் போனார். போகும்போது அவள் தோளை மெல்லத் தொட்டார், கோவிலில் மோதிரம் போட்ட பிறகு தொட்டதுபோல, நன்றியோடு.

கதவு மூடியது.

மேல் தாழ்ப்பாள்.

கிண்ணம் கீழே விழுந்தது. அவள் கதவின் மேல் பாய்ந்தாள்.

நடுத் தாழ்ப்பாள். பூட்டின் கிளிக்.

"என்னங்க! திறங்க! என்னங்க!"

கீழ்த் தாழ்ப்பாள். அதற்காக அவர் குனிந்தபோது விட்ட மூச்சு கூடக் கேட்டது. பிறகு அவர் குரல், கதவுக்கு மிக அருகில், மிகப் பிரியமாக. நோராவிடம் அல்ல.

"செலின், சொன்ன மாதிரி கூட்டிட்டு வந்துட்டேன். இனிமே தட்ட வேண்டாம்."

படிகளில் காலடி இறங்கியது. கீழ்க்கதவு சாத்திப் பூட்டப்பட்டது. குடை விரியும் சத்தம். மழை.

நோரா கத்தினாள். உள்ளங்கைகள் வீங்கும்வரை கதவை அறைந்தாள். ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு அப்பால் மூடிய பலகை, அதன் மேல் கறுப்புக் காகிதம். சந்தில் யாரும் இல்லை. இருந்தாலும், இந்த மாடியில் தட்டுவது அவர்களுக்குப் பழகிய சத்தம்தான்.

குரல் போயிற்று. மழையும் சற்று ஓய்ந்தது. அறையில் வேறெந்த ஓசையும் இல்லை.

பலகை இடுக்கில் காகிதம் கிழிந்திருந்தது. அதன் வழியே விரலளவு வெளிச்சம் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

தலையணையின் பள்ளம் மெல்ல மேலெழுந்து நிரம்பியது. பக்கத்தில், சுவரை ஒட்டி, புதிதாக ஒரு பள்ளம் விழுந்தது.

மெத்தை முனகியது. விரிப்பின் சுருக்கங்கள் நகர்ந்தன. சுவரை நோக்கி. ஓர் அங்குலம். நிறுத்தம். இன்னொரு அங்குலம். ஒரு பக்கம் வராத உடம்பு, நல்ல கையை ஊன்றி, செத்த பாதியை இழுத்துக்கொண்டு நகரும் விதம். நோராவுக்கு அது தெரியும். எவ்வளவு வலிக்கும் என்றும் தெரியும்.

நகர்ந்து முடிந்தது.

கட்டிலின் இந்தப் பக்கம், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கே விரிப்பின் ஓரம் மெல்ல உயர்ந்து, அவளுக்காக, திறந்தபடியே நின்றது.